நாலு டயரும் ஒரு சர்வதேச மாப்பிள்ளையும்

என் தங்கை புருஷன் ஒரு நாட்டின் கால்பந்து அணிக்கே மேலாளர். நம் நாட்டுக்கு அல்ல. கடல் நடுவில் கடுகு சிந்தினது போலக் கிடக்கிற ஒரு தீவு நாட்டுக்கு. பத்திரிகைக்காரர்கள் அவரைப் பற்றி எழுதினால் 'முன்னாள் சர்வதேச ஆட்டக்காரர்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் பட்டத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். செலவு நாலு டயர்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பெரிய டயர் கடை என்னுடையது. நான் ஐந்தாவது வரை பள்ளிக்கூடத்துக்குப் போனேன்; பள்ளிக்கூடம் எனக்குள் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. கைப்பம்பு ஒன்றை வைத்துக்கொண்டு சைக்கிளுக்குக் காற்றடித்தவன், இன்றைக்கு லாரிகள் வரிசையில் நின்று என் முகத்தைப் பார்க்கின்றன. அப்பன் சொத்து இல்லை, மாமனார் தயவு இல்லை. ஒரு டயரைத் தட்டினால் அது இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று சொல்லிவிடுவேன். ஆட்களும் எனக்கு அப்படித்தான். மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் தட்டிப் பார்த்ததில் சத்தம் சரியாக வரவில்லை.

பெண் கேட்டு வந்தபோது அவர் மின் இலாகா அணியில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர் என்றார்கள். தங்கையைக் கொடுப்பதற்கு முன் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம் என்று மைதானத்துக்குப் போனேன். ஆட்டம் முடிகிற வரை தேடினேன். கடைசியில் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டால், "அதோ, பெஞ்சு ஓரத்துல தண்ணி பாட்டில் பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருக்கார் பாருங்க" என்றார். அப்போது மட்டுமல்ல, அடுத்து வந்த பல வருஷங்களும் அவர் அங்கேயேதான் இருந்தார். நடுநடுவே எழுந்து கோட்டோரமாக ஓடுவார், முட்டையிட இடம் தேடுகிற கோழி மாதிரி. திரும்ப வந்து உட்காருவார். ஊரே அவரை 'பெஞ்சு' என்று கூப்பிட்டது. நானும்தான்; அவர் இல்லாதபோது.

ஆனால் தங்கை, கட்டினால் இவரைத்தான் என்று நின்றுவிட்டாள். சரி, பெஞ்சில் உட்காருகிறவர் கல்லாவில் உட்கார மாட்டாரா என்று நினைத்து, நல்ல மரத்தில் கை வைத்த நாற்காலி ஒன்று செய்து கடைக் கல்லாவுக்குப் பின்னால் போட்டேன். "மாப்பிள்ளை, இது உங்களுக்குத்தான். எப்ப வேணா வந்து உட்காருங்க" என்றேன். அவர் நாற்காலியை நன்றாகப் பார்த்துவிட்டு, மரம் நல்ல மரம் என்றார். உட்காரவில்லை.

அத்தனை நாள் வெளியே உட்கார்ந்து என்னதான் பார்க்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். உள்ளே ஆடுகிறவன் பந்தைப் பார்ப்பானாம், வெளியே இருக்கிறவன்தான் ஆளைப் பார்ப்பானாம். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவன்கூட எல்லாப் படமும் பார்க்கிறான், அவன் டைரக்டர் ஆகிவிட்டானா என்று கேட்டேன்.

அப்புறம் இலாகாவில் ஒரு சிக்கல் வந்தது. அவர் தற்காலிக ஊழியர். நாட்டுக்காக ஆடிய சான்றிதழ் இருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு என்றார்கள். தங்கை என் கடை வாசலில் வந்து நின்று மூக்கைச் சிந்தினாள். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நாட்டு அணியை நடத்துகிற கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் கார் என் கடைக்கு வந்தது. அவர் தலையும் டயரும் ஒரே வழுக்கை. நாலும் புதுசாக மாட்டிவிட்டேன். பில் எங்கே என்றார். "பில்லு எதுக்குங்க, நம்ம மாப்பிள்ளை ஒருத்தர் பெஞ்சுல உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போயிருக்கார்" என்றேன். செயலாளர் புத்திசாலி. மறுபேச்சு பேசாமல் காரை எடுத்தார்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, ஊரறிந்த வழக்கம். எங்கள் சங்கம் ஆடும் எந்த ஆட்டமானாலும் கடைசிப் பத்து நிமிஷம் சங்கத்துக்குச் சொந்தம். கோச் யாராக இருந்தாலும் அப்போது சிபாரிசுப் பையன் ஒருவனை இறக்கியாக வேண்டும். இறங்கினால் சான்றிதழ், சான்றிதழுக்கு வேலை. 'சான்றிதழ் ஓட்டம்' என்றே அதற்குப் பெயர். மழை வருமா என்றுகூட இந்த ஊரில் சந்தேகப்படுவார்கள், அது வருமா என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அப்படித்தான் மாப்பிள்ளை நாட்டுக்காக இறங்கினார். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். மரத்துப்போன காலோடு உள்ளே போனார். எதிரணிக்காரன் அவரை, ரோட்டோர மைல்கல்லைத் தாண்டிப் போவதுபோலத் தாண்டிப் போய் கோல் போட்டான். அடுத்து பந்தைக் கையால் எறியப் போனார். எறிந்த விதம் தப்பு என்று ரெஃப்ரி ஊதினார். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் டிரா. மறுநாள் பேப்பரில் அவர் படத்தைப் போட்டு, கீழே 'ஓட்டை' என்று ஒரே ஒரு வார்த்தை. ஆனால் சான்றிதழ் வந்தது, வேலை நிரந்தரம் ஆனது. நான் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் பீரோவுக்குள் போர்வைகளுக்கு அடியில் வைத்தார். நல்லதை நாலு பேர் பார்க்கும்படி மாட்டத் தெரியாதவர்.

அதற்கப்புறம் அவர் ஆடவே இல்லை. சொல்லிக் கொடுக்கப் போனார். ஆடத் தெரியாதவருக்குக் கோச் வேலை பொருத்தம்தான். பள்ளிப் பிள்ளைகள், அப்புறம் இலாகா அணி என்று போய்க்கொண்டிருந்தபோது, அந்தத் தீவு நாட்டுக்காரர்கள் மேலாளர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள். விண்ணப்பிப்பவர் சர்வதேச ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டுமாம். போர்வைக்கு அடியிலிருந்து என் கண்ணாடிச் சட்டம் வெளியே வந்தது. எத்தனை நிமிஷம் ஆடினார் என்று சான்றிதழில் போடுவதில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, தங்கையையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்.

அங்கே கோல்கீப்பர் ஆம்புலன்ஸ் டிரைவர். ஆட்டத்துக்கு நடுவில் போன் வந்தால் கிளம்பிவிடுவாராம். முன்வரிசை ஆட்டக்காரன் ஐஸ் வண்டி தள்ளுகிறவன். அவர்கள் சங்கத்தின் தலைவர் ரொட்டிக் கடைக்காரர். அவருக்குக் கால்பந்தைப் பற்றித் தெரிந்தது, அது உருண்டை என்பது. எந்த நாட்டோடு ஆடினாலும் கூடை கூடையாகக் கோல் வாங்குவார்கள். மாப்பிள்ளை போய், பதினொரு பேரையும் கோலுக்கு முன்னால் நெரிசல் பஸ் படிக்கட்டு மாதிரி நிற்க வைத்தார். கூடை சிறுசாகிக்கொண்டே வந்தது. ஒருமுறை இரண்டே கோலில் தோற்றதற்கு அங்கே ஊர்வலம் விட்டார்களாம். தோல்வியைக் குறைத்துப் பேர் வாங்கியவர் உலகத்திலேயே என் மாப்பிள்ளை ஒருவராகத்தான் இருக்கும். போனில் நான், நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன், தூசி படியுது என்பேன். துடைச்சிட்டே இருங்க மச்சான் என்பார்.

அப்புறம்தான் ஒரு கோப்பைப் போட்டிக் குலுக்கலில் அந்தத் தீவும் எங்கள் நாடும் ஒரே பிரிவில் விழுந்தன. ஆட்டம் எங்கள் ஊரில். இங்கே சுவரெல்லாம் 'துரோகி பெஞ்சு' என்று எழுதினார்கள். அங்கே ரொட்டிக் கடைத் தலைவர், சொந்த நாட்டோடு தோற்றால் விற்றுவிட்டான் என்றுதான் ஜனங்கள் சொல்லுவார்கள், தோற்றால் வேலை இல்லை, டிராவும் தோல்விதான் என்று சொல்லிவிட்டார். ஜெயித்தால் இங்கே செருப்படி, தோற்றால் அங்கே சீட்டுக் கிழிப்பு.

தங்கை முன்னாலேயே வந்து என் வீட்டில் தங்கினாள். அவள் வாய் திறந்து எதையும் கேட்காதவள். அன்றைக்குக் கடைக்கு வந்து அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, இதை யாருக்காச்சும் குடுத்துடுங்க."

"ஏன், மரம் நல்ல மரம்னு உன் புருஷனே சொன்னாரே."

"இதுல வந்து அவர் உட்கார்ந்தா, அப்புறம் எந்திரிக்கவே மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த மனுஷர் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தவர், அங்கேதான் முதல்முறையாக எழுந்து நிற்கிறார் என்றாள். கடையில் வேலை நடக்கிற நேரம், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அணித் திட்டம், பயிற்சி என்று ஏதாவது அளப்பார் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மச்சான், இந்தத் தடவை யார் வீட்டுப் பையன்?"

இந்த ஊரில் எனக்குத் தெரியாமல் எது நடக்கும்? மாவு மில்காரர் மகன், வலதுபக்கத் தடுப்பு, மில்காரரின் லாரிகள் எல்லாம் சங்கத்துக்கு இலவசமாக ஓடுகின்றன என்று விவரமாகச் சொன்னேன். வலதுபக்கமா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். விரோதி அணிக்குச் சொல்லலாமா என்று பிற்பாடு சிலர் என்னைக் கேட்டார்கள். டீக்கடையில் பேசுகிற விஷயத்தை நான் சொன்னால் மட்டும் துரோகமா?

ஆட்டத்தன்று எனக்குச் செயலாளர் பக்கத்திலேயே இடம். அதே செயலாளர்தான். அந்தப் பதவியில் உட்கார்ந்தவர் எழுந்ததாக எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் இல்லை. மைதானமே 'பெஞ்சு, பெஞ்சு' என்று ஊளையிட்டது. மாப்பிள்ளை கோட்டோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தீவுக்காரர்கள் வழக்கம்போல பஸ் படிக்கட்டு. எங்கள் பிள்ளைகள் அடித்த பந்தெல்லாம் யாரோ ஒருவன் முதுகிலோ முழங்காலிலோ பட்டுத் திரும்பியது. இத்தனைக்கும் அந்த ஐஸ் வண்டிக்காரனை மாப்பிள்ளை இறக்கவே இல்லை. குதிரை மாதிரி ஓடுகிறவனை வெளியே உட்கார வைத்திருந்தார். ரொட்டிக் கடைத் தலைவர் விருந்தினர் வரிசையிலிருந்தே எழுந்து எழுந்து கத்தினார். கத்துகிறவரை மாப்பிள்ளை திரும்பியும் பார்க்கவில்லை. தங்கை எனக்கு மறுபக்கத்தில், முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

கோல் இல்லை, கடைசிப் பத்து நிமிஷம் வந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால், ஆட்டம் இப்படி நூலில் தொங்கும்போது சிபாரிசை ஒத்திப் போடுவார்கள். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், கையைக் காட்டினார். கோச் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஆள் மாற்றுகிற பலகை மேலே போனது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த வலதுபக்கக்காரன் தலையில் அடித்துக்கொண்டே வெளியே வந்தான். மில்காரர் மகன் உள்ளே போனான். பூட்ஸில் விலைச் சீட்டைப் பிரித்தார்களோ இல்லையோ. போட்டோக்காரர் எங்கே என்று பார்த்துக் கையாட்டினான்.

அந்த நிமிஷம்தான் மாப்பிள்ளை கட்டின கையை அவிழ்த்தார். ஐஸ் வண்டிக்காரன் தோளில் ஒரு தட்டு, விரலால் ஒரு ஜாடை. அவன் நேரே மில்காரர் மகன் பக்கத்தில் போய் நின்றான்.

பந்து அந்தப் பக்கமே வந்தது, இன்னொரு தடவையும் அந்தப் பக்கமே வந்தது. மூன்றாம் தடவை மில்காரர் மகன் ஓட வேண்டியவன் நின்றான். நிற்க வேண்டிய இடத்தில் விழுந்தான். ஐஸ் வண்டிக்காரன் அவனைத் தாண்டிப் போன விதத்தை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். கோல்.

தீவுக்காரர்கள் பதினைந்து இருபது பேர்தான் வந்திருந்தார்கள். அவர்கள் சத்தம்தான் கேட்டது. ரொட்டிக் கடைத் தலைவர், இவ்வளவு நேரம் யாரைத் திட்டினோம் என்பதையே மறந்து அழுதார். தங்கை முந்தானையை விட்டாள்.

வெளியே பஸ் ஏறப்போகிற மாப்பிள்ளையை வழிமறித்தேன். ஜனங்கள் காலிப் பாட்டிலை எறிந்துகொண்டிருந்தார்கள், அதற்கு நடுவிலும் எனக்கு விளக்கம் வேண்டும். "எப்படிங்க அவ்வளவு உறுதியா இருந்தீங்க?" என்றேன்.

"உட்கார்ந்து உட்கார்ந்து திடீர்னு உள்ள போறவன் கால் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மச்சான். முதல்ல எங்க தடுமாறும், எப்ப விழும், எல்லாம். நீங்க வாங்கிக் குடுத்த பத்து நிமிஷம்தானே."

கும்பிட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார். அதற்கு நன்றி என்று அர்த்தமா, வேறே அர்த்தமா என்று நான் ஆராயவில்லை. நன்றி என்றே வைத்துக்கொண்டேன். முதல் போட்டவன் நான்.

தீவுக்காரர்கள் அவருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுத்தார்கள். மில்காரர் மகனுக்குச் சான்றிதழ் வந்தது, வேலையும் வந்தது. அலுவலகத்தில் அவன் மேஜைக்குப் பின்னால் போட்டோ மாட்டியிருக்கிறதாம். விழுவதற்கு முந்தின போட்டோ. எங்கள் கோச்சைத் துரத்தினார்கள். யாராவது தோல்விக்குப் பொறுப்பேற்க வேண்டுமே.

கொஞ்ச நாள் கழித்துச் செயலாளர் கடைக்கு வந்தார். உட்கார வேறு இடம் இல்லாததால் மாப்பிள்ளையின் நாற்காலியை இழுத்துப் போட்டேன். டீ வரவழைத்தேன். நம் மண்ணின் மைந்தன் வெளிநாட்டில் ஏன் கஷ்டப்பட வேண்டும், நம் அணிக்கே மேலாளராக வரட்டும், நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார். சுவரில் 'துரோகி' இன்னும் அழியவில்லை. அதற்குள் மண்ணின் மைந்தன். என் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு எனக்குத் தெரியும், உடனே போன் போட்டு, செயலாளருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

மாப்பிள்ளை முழுசாகக் கேட்டார். "வரேன் மச்சான். வீடு, கார் எதுவும் வேண்டாம். யாரை எப்ப இறக்குறதுன்னு நான் மட்டும்தான் முடிவு பண்ணுவேன். கடைசிப் பத்து நிமிஷத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

செயலாளர் டீயை ஊதினார். ஆறிப்போன டீயை ரொம்ப நேரம் ஊதினார். அப்புறம் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"வேற எதைக் கேட்டாலும் பார்க்கலாம். அந்தப் பத்து நிமிஷத்தைக் குடுத்துட்டா, அப்புறம் சங்கம்னு ஒண்ணு எதுக்குங்க?"

பொத்தின கை சரியாகப் பொத்தவில்லை போலிருக்கிறது. அந்தப் பக்கம் மாப்பிள்ளை சிரித்தார், பின்னால் என் தங்கையும் சிரித்தாள், போன் வைக்கப்பட்டது.

செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்து, மரம் நல்ல மரம் என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். முன்சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்து, "தேய்ஞ்சு போச்சே" என்று என்னைப் பார்த்தார். நாலையும் புதுசாக மாட்டிக் கொடுத்தேன், என் கையாலேயே. பிறகு பில் போட்டு நீட்டினேன். இத்தனை வருஷம் என் கடைக்கு வந்தவர், அந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்னது என்று கேட்டார்.