இரண்டு மீட்டர், ஒரு நியூட்ரல்

எங்கள் வீட்டுச் சுவிச்சுகள் எல்லாம் ஆள் உயரத்தில் இருந்தன. அந்தக் காலத்தில் பிள்ளைகளின் கை எட்டக்கூடாது என்று அப்படித்தான் வைப்பார்கள். நானும் தங்கச்சியும் கல்யாணம் கட்டி, வீட்டை நடுவால் பிரித்து, ஆளுக்கொரு பாதி சீதனமாக எடுத்த பிறகும் அவற்றை ஒருவரும் மாற்றவில்லை. என் மகள் சக்கரக் கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த உயரம் என் கண்ணில் பட்டது.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. தங்கச்சியின் ஸ்கூட்டரில் பின்னால் இருந்து கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கோட்டை வாசலுக்குக் கிட்ட ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. தங்கச்சிக்கு முழங்கையில் உரசல். மகளுக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவே இல்லை.

நான் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறவள். எத்தனையோ விபத்துகளைப் பார்த்திருக்கிறேன். தங்கச்சியில் பிழை இல்லை என்று பொலிஸ்காரர் சொன்னார், என் கணவர் சொன்னார், மகளும் சொன்னாள். எனக்கும் தெரியும். ஆனால் தங்கச்சி இரண்டு காலில் நடந்து வருவதைப் பார்க்க என்னால் ஏலாமல் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டுக் கரியரோடு வந்து வாசலில் நின்றாள். நான் கதவைத் திறக்கவில்லை. அதன் பிறகு அவள் வருவதை விட்டுவிட்டாள். இரண்டு பாதிக்கும் நடுவில், மகளின் அறைச் சுவரில், ஒரு பழைய கதவு இருக்கிறது. வீட்டைப் பிரித்தபோது பலகை வைத்து ஆணி அடித்தது. அதற்கு அங்கால் தங்கச்சி நடமாடுவதும், தேநீர்க் கோப்பையில் கரண்டி தட்டுவதும் எனக்குக் கேட்கும். எனக்குக் கேட்கிறது என்று அவளுக்கும் தெரியும். அப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

ஒருநாள் பின்னேர வேலை முடிந்து வந்தேன். வீடு இருட்டாகக் கிடந்தது. பகலில் மகளுக்குத் துணையாகச் சம்பளத்துக்கு நிற்கும் அம்மா நேரத்தோடேயே போய்விட்டிருந்தார். என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவர். கப்பல் வருகிற நேரம்தான் அவருக்கு வேலை நேரம். அறைக்குள் எட்டிப் பார்த்தால் மகள் யன்னலோரம் கதிரையில் அசையாமல் இருந்தாள்.

“கரண்ட் இல்லையா பிள்ளை?”

“இருக்கு. எனக்கு எட்டேல்ல.”

நான் விளக்கைப் போட்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சுவிச்சுகளைக் கீழே இறக்கி வைக்கலாம் என்றார் கணவர். “கதிரையில இருந்தா எட்டும் அப்பா. கட்டிலில படுத்தா?” என்று கேட்டாள் மகள். அதற்குப் பிறகுதான் ஸ்மார்ட் சுவிச் என்ற கதை எங்கள் வீட்டுக்குள் வந்தது. போனில் விரல் வைத்தால் விளக்கு எரியும், அணையும். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அடுத்த நாளே வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

வாங்குவது லேசாக இருக்கவில்லை. நான் காட்டியதை எல்லாம் அவள் வேண்டாம் என்றாள். வாயால் சொன்னால் கேட்கும் சாமான் ஒன்றை என்னோடு வேலை செய்யும் ஒருவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது மகள் மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள்.

“இவ்வளவு நாளும் ‘அம்மா லைற், அப்பா லைற்’ எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். இனி ஒராளிட்டயும் கேக்கேலாது. அது மெசினெண்டாலும்.”

கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும் தொடு சுவிச் வடிவாக இருந்தது. இருட்டில் தடவினால் எங்கே விரல் வைப்பது என்று தெரியாது, தெரியாமல் பட்டாலே எரிந்துவிடும் என்று அதையும் தள்ளினாள். மலிவான சிலது இன்டர்நெட் இல்லாவிட்டால் போனுக்குக் கட்டுப்படாது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து இணைப்பு எப்படி என்று அவளுக்குத் தெரியும். கரண்ட் போய் வந்தால் வீட்டு விளக்கெல்லாம் தானாக எரியும் வகையும் இருந்தது. அதுவும் வேண்டாம். கடைசியில் அவள் தெரிவு செய்தது, அமத்தினால் கைக்கு ‘டக்’ என்று தெரியும் சாதாரணப் பொத்தானும் இருந்து, வீட்டு வைபையிலேயே ஓடும் ஒன்று. அதற்கு ஒரு சிக்கல் இருந்தது. பழைய சுவிச் பெட்டிகளுக்குள் கரண்ட் வருகிற வயர் மட்டும்தான் இருக்கும். இந்தச் சுவிச் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்பதால், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரும் பெட்டிக்குள் வர வேண்டும். நியூட்ரல் தேவைப்படாத வகையும் விற்கிறார்கள். ஆனால் அதைப் போட்டவர்கள் சிலர், சின்ன பல்ப் என்றால் அணைத்த பிறகும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

“நான் நித்திரை கொள்ளேக்க இருட்டு இருட்டாத்தான் இருக்கவேணும்” என்றாள். நியூட்ரல் வைத்ததையே எடுத்தோம்.

வயரிங் வேலைக்கு மூதூரிலிருந்து ஒருவர் வந்தார். ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவியின் பிரசவ நேரம் நான் நோயாளர் விடுதியில் வேலைக்கு நின்ற பழக்கம். ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வந்து, மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு, சுவிச் பெட்டிகளை டெஸ்டரால் தொட்டுப் பார்த்தார். கரண்ட் இல்லை. நியூட்ரல் எல்லாம் ஒன்றுசேரும் பெட்டி ஆணியடித்த கதவுக்கு மேலே இருந்தது. ஏணியை அங்கே சாய்த்து ஏறினார். மகள் கதிரையில் சற்றுத் தள்ளி இருந்து, போனில் இருந்த வயர் இணைப்புப் படத்தை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆர்வத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. நான் வாசற்படியில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பழைய டேப்பை உரித்து, முறுக்கியிருந்த வயர்களைப் பிரித்தார். அந்தக் கணம் ‘ஹக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. உடம்பு ஒரு தரம் உதறி, ஏணியோடு சரிந்து விழுந்தார்.

நான் ஓடிப் போவதற்குள் மகள், “அம்மா, நில்லுங்கோ” என்றாள். குரல் தணிவாக இருந்தது. அவள் விழுந்தவரைப் பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிடித்து இழுத்த வேகத்தில் ஒரு வயர் பெட்டியை விட்டு நீளமாக வெளியே வந்து தொங்கியது. அதன் செம்பு முனை அவள் தலைக்கும் கதிரையின் இரும்புப் பிடிக்கும் இடையில், ஒரு கை அகலத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஏணி சக்கரத்துக்குக் குறுக்கே விழுந்து கிடந்ததால் கதிரையை அசைக்கவும் முடியாது.

“மெயின் ஓவ்தானே” என்றேன். யாரிடம் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

நிலத்தில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். மூச்சு வாங்கியது. “ஒங்கட மெயின் இல்ல மிஸ்” என்றார். “அந்தப் பக்கத்துக் கரண்ட். நியூட்ரல் ரெண்டு வீட்டுக்கும் ஒண்டு. அங்கால மெயின ஓவ் பண்ணச் சொல்லுங்க. அதுவரை கதிரையத் தொடாதீங்க.”

வீட்டைப் பிரித்து இரண்டாவது மீட்டர் எடுத்த நேரம் வேலை செய்தவர் கரண்ட் வருகிற வயரை மட்டும்தான் பிரித்திருந்தார். திரும்பிப் போகிற வயரை எங்கள் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார். தங்கச்சி வீட்டில் ஓடிய காற்றாடியின் கரண்ட் இவ்வளவு காலமும் எங்கள் பக்கத்தால்தான் திரும்பியிருக்கிறது. இதெல்லாம் பிறகு விளங்கியது. அப்போது எனக்கு விளங்கியது ஒன்றுதான்: அவள் மெயினை அணைக்க வேண்டும்.

சுற்றிப் போவதென்றால் முன்வாசலால் இறங்கி, ரோட்டால் நடந்து, அவள் கேற்றைத் திறக்க வேண்டும். மகளை அப்படியே விட்டுவிட்டு என்னால் போக ஏலாது. ஆணியடித்த கதவை உள்ளங்கையால் அடித்தேன்.

“தங்கச்சி.”

அந்தச் சொல் வாயில் வர நான் எதிர்பார்த்ததை விடக் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் தரமும் அடித்தேன்.

“அக்கா?” கதவுக்கு மிகக் கிட்டக் கேட்டது. காற்றாடி திடீரென்று நின்றதால் என்னவென்று பார்க்க வந்திருக்கிறாள்.

“மெயினை ஓவ் பண்ணு. உடன. பிள்ளைக்குப் பக்கத்தில வயர் தொங்குது.”

காலடிகள் ஓடும் சத்தம், ஏதோ கதிரை விழும் சத்தம். வயர் ஆடுவது குறைந்து குறைந்து அவள் காதுக்குப் பக்கத்தில் நின்றது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடி, மூச்சு விடாமல் இருந்தாள். நான் கதவில் கையை வைத்துக்கொண்டே நின்றேன். எங்கள் பக்கம் ஏற்கனவே கரண்ட் இல்லை. அங்கே அணைத்தாளா இல்லையா என்று பார்க்க வழியில்லை.

“ஓவ் பண்ணீட்டன் அக்கா.”

“வடிவாப் பாத்தியா?”

“ஓம். மெயின்தான். கையால பிடிச்சுப் பாத்தனான்.”

டெஸ்டர் அந்த மனிதரோடு விழுந்து கட்டிலுக்குக் கீழே உருண்டு போயிருந்தது. தேடிக்கொண்டிருக்க மனம் விடவில்லை. அவள் சொன்ன ஓமை நம்பி, ரப்பர்ச் செருப்பைக் கழற்றி அதன் அடியால் வயரை ஒதுக்கினேன். ஏணியை இழுத்துப் போட்டுவிட்டுக் கதிரையைப் பின்னால் தள்ளினேன். மகளின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

பிறகுதான் அவரிடம் குனிந்தேன். நாடி ஓடியது, ஆனால் ஒழுங்காக இல்லை. விரல் நுனியில் எரிந்த காயம். இடது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. “கொஞ்சம் இருந்தாச் செரியாகிடும்” என்றார். கரண்ட் அடித்தவரின் இதயத்தைப் பார்க்காமல் விடக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஓட்டோ ஒன்றைக் கூப்பிட்டேன்.

நிமிர்ந்தபோது தங்கச்சி வாசலில் நின்றாள். வீட்டுச் சட்டையோடு, வெறுங்காலோடு ரோட்டைச் சுற்றி ஓடி வந்திருக்கிறாள். படிக்கு இங்கால் கால் வைக்கவில்லை. மெலிந்திருந்தாள். பக்கத்துச் சுவருக்கு அங்கால் இருந்தவளை நான் கண்டு எவ்வளவு காலம் என்று அப்போதுதான் உறைத்தது.

“உள்ளுக்கு வாங்கோ சின்னம்மா” என்றாள் மகள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான், “இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். பிள்ளையோட நில்லு” என்றேன்.

போகும் வழி முழுவதும் அவருடைய நாடியில் விரலை வைத்திருந்தேன். மனம் வீட்டில்தான் இருந்தது. ஈசிஜி எடுத்து, மருத்துவர் பார்த்து, ஒன்றும் பயமில்லை, இரவு மட்டும் விடுதியில் இருக்கட்டும் என்றார். மணிக்கட்டில் சின்ன வெடிப்பு. அவருடைய மனைவிக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன். அவர் அவளிடம் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “நியூட்ரல் எங்க போகுதெண்டு பாத்திருக்கோணும் மிஸ். நான் பாக்கல்ல” என்றார்.

திரும்பி வந்தபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பாதியிலும் கரண்ட் இல்லை. விறாந்தையில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மகளின் குரல் கேட்டது.

“ஏன் சின்னம்மா என்னைப் பாக்க வரேல்ல?”

“வந்தனான். அக்கா கதவு திறக்கேல்ல.”

“பிறகு?”

“பிறகு என்ர காலாலதான் வரவேணும். உனக்கு முன்னால நடந்து வர எனக்கு ஏலாமப் போச்சு.”

நான் செருப்போடு அப்படியே நின்றேன். அதையே நானும் நினைத்திருந்தேன் என்பதை இன்றுவரை தங்கச்சியிடம் சொல்லவில்லை.

மகள் சொன்னாள்: “ரெண்டு பேரும் சேந்து என்ர காலுக்குத் துக்கம் கொண்டாடுறியள். நான் இஞ்ச இருக்கிறன்.”

நான் உள்ளே போனேன். தங்கச்சி எழும்பப் பார்த்தாள். “இரு” என்றேன். குசினியில் மெழுகுதிரி தேடி எடுத்து வந்து கொளுத்தினேன். பேசினால் எங்கே போய் முடியும் என்று எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் மகள்தான் பெட்டியிலிருந்து ஒரு சுவிச்சை எடுத்துச் சின்னம்மாவின் கையில் கொடுத்து, அமத்திப் பார்க்கச் சொன்னாள்.

அடுத்த கிழமை வயரிங்காரர் கையில் கட்டோடு வந்தார், துணைக்கு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு. இரண்டு வீட்டு மெயினையும் அணைத்து, பூட்டு வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார்கள். தங்கச்சி வீட்டுக்குத் தனி நியூட்ரல் இழுத்தார்கள். இரண்டு பக்கத்திலும், கரண்ட் கசிந்தால் தானாக விழ வேண்டிய பாதுகாப்பு ரிப் சுவிச்சைத் தாண்டி வயர் நேரடியாக இணைக்கப்பட்டுக் கிடந்தது. வீட்டைப் பிரித்த புதிதில் அது அடிக்கடி விழுகிறது என்று யாரோ செய்துவிட்ட வேலை. அது விழுந்த காரணமும் இந்த ஒரே நியூட்ரல்தான். அவற்றையும் புதிதாகப் போட்டார்கள். வேலை முடியும்வரை நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு மீட்டருக்குப் பக்கத்தில் நின்றோம். ஒருவரும் நிற்கச் சொல்லவில்லை.

தங்கச்சி இப்போது வந்து போகிறாள். முன்பு போல் கதை இல்லை. சில நாள் அவள் நடந்து வருகிற சத்தம் எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழும்பிப் போய்க் கதவைத் திறப்பேன். ஸ்கூட்டரை அவள் விபத்து நடந்த வருடமே விற்றுவிட்டாள் என்பதை மகள் சொல்லித்தான் அறிந்தேன்.

மகளின் அறையில் அவள் தெரிவு செய்த சுவிச்சுகள் நல்லபடி வேலை செய்கின்றன. விறாந்தை விளக்கையும் பிறகு சேர்த்துக்கொண்டாள். வேலை முடிந்து நான் கேற்றைத் திறக்கும்போது, ஒருவரும் இல்லாத விறாந்தையில் விளக்கு பட்டென்று எரியும். அந்த நாளுக்குப் பிறகு தானாக எரிகிற எதைக் கண்டாலும் எனக்கு ஒரு கணம் கால் நின்றுவிடுகிறது.

“ஆர் போட்டது?” என்று வாசலில் நின்றே கேட்பேன்.

“நான்தான்” என்று உள்ளேயிருந்து அவள் சொல்லுவாள்.