நசீமா விழுந்ததைச் சொன்னவள் நான்

1. முதல் நாள்

வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போன முதல் நாளே நசீமாவிடம் ஏச்சு வாங்கினேன். ஓட்டோ புரண்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவள். சாய்ந்தமருதில், கலியாணத்துக்கென்று வாப்பா கட்டி எழுதிக் கொடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். கலியாணம் நடக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பாள். என்னை வேலைக்கு வைத்தது அவளுடைய காக்கா, மூத்த அண்ணன். காலையிலும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகும் நான் போக வேண்டும். வீல்செயாருக்கு மாற்றுவது, குளிப்பாட்டுவது, படுக்கைப் புண் வருகிறதா என்று முதுகைப் பார்ப்பது என் வேலை.

அன்று தொழுகைக்கு முன் கைமுகம் கழுவும் வுழூவுக்குத் தண்ணீர் ஊற்றியதோடு நில்லாமல், அவள் முகத்தையும் கழுவப் போனேன்.

"கை ரெண்டும் எனக்கு இரிக்கி ராத்தா. நீங்க தண்ணிய ஊத்துங்க, வுழூவ நான் எடுக்கன்."

அதன் பிறகு கேட்காமல் அவளைத் தொட்டதில்லை.

2. விழுந்த நாள்

மூன்றாம் வருடம் ஒரு காலையில் கதவைத் திறந்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கிறாள்.

"எவ்வளவு நேரமா தங்கச்சி?"

"சுபஹுத் தொழுகைக்கு நானே இறங்கப் பாத்தன். செயார்ட பிரேக்கப் போட மறந்திட்டன். கிடந்தபடியே தொழுதிட்டன். கிப்லாத் திசைக்கு நேராத்தான் விழுந்திரிக்கன், பாருங்க." சிரித்தாள்.

முழங்கையில் உரசல். உணர்வில்லாத கால் என்பதால் வீக்கம் உண்டா என்று தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"காக்காக்குச் சொல்லிராதீங்க ராத்தா. இது உங்கள நம்பித் தாற அமானிதம்."

"ஓம்" என்றேன்.

மூன்று நாள் பொறுத்தேன். மறுபடி விழுந்தால் பழி என்மேல் வருமே என்ற பயம். அதற்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டு போனை எடுத்துக் காக்காவிடம் சொன்னேன்.

3. காக்கா வந்தார்

"நீ விழுந்து கிடந்தா ஊர் என்னத்தக் கதைக்கும்? நான் மௌத்தாயா போயிட்டன்? என்ட ஊட்ட வந்து இரி."

"அது மச்சிட ஊடு காக்கா. உங்களுக்கே அங்க ஒரு மூலதான்."

மச்சி என்றது காக்காவின் மனைவியை. எங்கள் ஊர்களில் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போய் வாழ்கிறான். காக்கா என் பக்கம் கையைக் காட்டினார்.

"நாளைக்கு இவவ வரவேணாம் எண்டு சொன்னா, கட்டில உட்டு எப்பிடி இறங்குவாய்?"

நசீமா என்னைப் பார்த்தாள். நானாவது "இல்ல, நான் வருவன்" என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"ஓம் எண்டு சொன்னீங்களே ராத்தா." அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் வேன் வந்தது.

4. பிறகு

ஒரு மாதம் கழித்து மச்சியின் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். பின்னறைக் கதவுக்குள் வீல்செயார் நுழையாதாம். வெளியே மழையில் நனைந்து கிடந்தது. மச்சி நல்ல பெண்தான். மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஈரத் துணியைக் கொண்டுவந்து அவசரமாக நசீமாவின் முகத்தைத் துடைத்துவிட்டார். நசீமாவின் கை இரண்டும் போர்வைக்கு மேலே சும்மா கிடந்தன.

கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, விழுந்தவளைத் தூக்குங்கள், காயத்தைப் பாருங்கள். யாரிடம் சொல்வது என்று அவளிடமே கேளுங்கள். நான் ஐந்து நேரமும் தவ்பா செய்து அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இது அவளுடைய ஹக், மன்னிக்கும் உரிமை அவளுக்குத்தான். அவள் மன்னிக்காமல் அல்லாஹ்விடம் போய் நான் என்ன சொல்ல?