தொட்டி மேல் ஒரு ரிங்

எங்கள் ஊர் மோட்டார்க்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை வாக்காளர் பட்டியலில் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஊருக்கு அவர் மோட்டார். "மோட்டார் வந்தாச்சா?", "மோட்டாருக்கு முட்டி வலியாம்", "மோட்டார் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு மக வீட்டுக்குப் போயிட்டாளாம்" என்று பேசிக்கொள்வோம். கடைசியில் சொன்னதைப் பற்றித்தான் இந்த வரலாறு.

ஆற்றங்கரைப் பள்ளத்தில் இருக்கிறது மோட்டார் ரூம். உள்ளே ஒரு மோட்டார், ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி, ஒரு கால் ஆடும் ஸ்டூல், எந்நேரமும் வியர்த்துக்கொண்டிருக்கும் நான்கு சுவர்கள். பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஆற்றுத் தண்ணீர் மேட்டுத் தெருவில் இருக்கும் உயரமான தொட்டிக்கு ஏறும். சிவப்பை அமுக்கினால் நிற்கும். இந்த இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் ஒரு மனிதனின் வாலிபம் முழுவதும் போயிருக்கிறது. போனது எங்கே என்று அவரும் தேடவில்லை.

தொட்டி நிறைந்ததா என்பது பள்ளத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தொட்டிக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரருக்குத் தெரியும். தொட்டியின் வாயிலிருந்து தண்ணீர் வழிந்ததும் அவர் போனில் ஒரு ரிங் கொடுப்பார். மோட்டார் உடனே சிவப்பை அமுக்குவார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு நடந்து, தொட்டியடி வால்வைத் திறப்பார். தெருக்குழாய்களில் தண்ணீர் வரும். ஊரின் குடிநீர்த் திட்டம் முழுவதும் அந்த ஒரு ரிங்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது மேலதிகாரிகளுக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள்.

எங்கள் ஊரில் போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இது திமிர் அல்ல. டவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மலையைத் தாண்டி மணியோசை வரும், குரல் வராது. எடுத்துப் பேசினால் 'அ', 'க்', 'லோ' என்று எழுத்து எழுத்தாக உதிரும். அதனால் ரிங்கையே பேச்சாக்கிக்கொண்டோம். பஸ் ஏறியதும் ஒரு ரிங், இறங்கியதும் ஒரு ரிங். மாமியார் கிளம்பிவிட்டார் என்றால் எச்சரிக்கையாக இரண்டு. தப்பித்தவறி யாராவது எடுத்துவிட்டால், "எதுக்குடா எடுத்த?" என்று சண்டைக்கு வருவோம்.

இதற்கெல்லாம் பழைய பொத்தான் போன்தான் உதவும். புதிதாக வரும் பளபளப்புப் போன்கள் இந்த ஊர் எல்லையைத் தொட்டதும் டவரைத் தேட ஆரம்பிக்கின்றன. தேடித் தேடிக் கொதிக்கின்றன. மத்தியானத்துக்குள் மூர்ச்சை போட்டு விழுகின்றன. பழைய போனுக்கு அந்த லட்சியமெல்லாம் கிடையாது. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், எங்களைப் போல.

மோட்டாரின் போன் இன்னும் ஒரு படி கீழே. எண்கள் தேய்ந்து போய்விட்டன. முதுகு மூடிக்குப் பதில் ரப்பர் பேண்ட். ஒரு நாள் வால்வுக் குழியில் விழுந்து எழுந்ததிலிருந்து திரையும் குருடு. யார் அடிக்கிறார்கள் என்று தெரியாது, அடிக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். மோட்டார் சத்தத்தில் மணியும் கேட்காது என்பதால் சட்டைப் பையில் அதிர விட்டிருப்பார். நெஞ்சு ஒரு தடவை நடுங்கினால் தொட்டி நிறைந்தது என்று பொருள். நாளடைவில் தொட்டிக்கும் தனக்கும் ஒரே நெஞ்சு என்ற அளவுக்கு ஆகிவிட்டார்.

சார்ஜர் கதை தனி. ஒயர் நைந்து, உள்ளே கம்பி எட்டிப் பார்க்கும். போனைச் சன்னல் ஓரத்தில் குப்புறப் படுக்க வைத்து, ஒயரை லேசாக இடப்பக்கம் வளைத்து, மேலே அரைச் செங்கலை வைத்தால் சார்ஜ் ஏறும். செங்கல் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் ஏறாது. வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே மாதிரி இரண்டு போன், இந்த ஒரே சார்ஜர். அவர் தூங்கும்போது அவருடையது, அவர் ஆற்றங்கரையில் இருக்கும்போது அந்தம்மாவுடையது. அவர்கள் குடும்பத்தில் முறை வைத்து ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான்.

இந்த நிலையில்தான் நகரத்தில் வேலை பார்க்கும் மகள் ஒரு தடவை வந்தபோது அம்மாவுக்குப் பெரிய போன் ஒன்றை வாங்கி வந்தாள்.

"இனிமே தினம் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசலாம்மா."

அந்தம்மா நம்பிவிட்டார். மகள் ஊர் திரும்பிய பிறகு தினமும் கொல்லையில் துவைக்கிற கல் மேல் ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். வட்டம் ஒன்று சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு நாள் முகம் வந்தது. நெற்றி வந்தது, பாதி மூடிய கண் வந்தது, எதையோ சொல்ல வந்த வாய் வந்தது. அப்படியே உறைந்துவிட்டது. அந்தம்மா கல்லை விட்டு இறங்காமல் அந்த அரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "நாமளும் அங்கயே போயிடலாங்க. கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

"மோட்டாரை யாரு பார்க்கிறது?"

"வேற ஆளே இல்லையா ஊர்ல?"

"அதோட சத்தம் எனக்குத்தான் தெரியும்."

"என் சத்தம் தெரியுதா?"

இதற்கு எந்தக் கணவனும் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். இவர் ரசத்தை ஊற்றச் சொன்னார்.

"மோட்டாரையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று காலைப் பஸ்ஸில் கிளம்பினார் அந்தம்மா. தன் பழைய போனையும் மகள் கொடுத்த பெரிய போனையும் எடுத்துக்கொண்டார். சார்ஜரை எடுக்கவில்லை. அது செங்கலோடு ஐக்கியமாகி இருந்தது.

அன்று சாயங்காலம் மோட்டார் சாப்பிட உட்கார்ந்தபோது நெஞ்சு ஒரு தடவை நடுங்கியது. தொட்டி நிறைகிற நேரம் அல்ல. தையல்காரர் இல்லையென்றால் பெண்டாட்டிதான். இரண்டாம் எண் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பெண்டாட்டிக்குப் போகும். அழுத்தினார், ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டார். 'சாப்பிட்டாச்சா' என்று ஒரு ரிங். 'ஆச்சு' என்று ஒரு ரிங். கோபத்துக்குப் பங்கம் இல்லை, குடும்பத்துக்கும் பங்கம் இல்லை. மழைக்காலம் போய் வெயில் வந்து, அதுவும் முற்றிப்போய், இருவரும் இப்படித்தான் இல்லறம் நடத்தினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் கூடத் தவறவில்லை. நேரில் இருந்தபோது இவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொண்டதில்லை என்று தையல்காரர் சொல்வார்.

"வரச் சொல்லுப்பா" என்பார்.

"சொல்லலாம்."

"எப்ப?"

"சிக்னல் கிடைக்கட்டும்."

சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. தொட்டியின் உச்சி. அங்கே போனால் மலையைத் தாண்டி டவர் கண்ணுக்கே தெரியும். ஆனால் இரும்பு ஏணி செங்குத்தானது, முட்டி ஒத்துழைக்காது. சமாதானத்துக்கு எப்போதும் முட்டிதான் தடையாக இருந்தது. வேறு எதுவும் இல்லை என்று அவர் உறுதியாக நம்பினார்.

அந்த நாள் வந்தது. காலை மோட்டாரைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கண் சொருகியது. நெஞ்சு ஒரு தடவை நடுங்கியது. எழுந்து சிவப்பை அமுக்கினார். இன்றைக்குச் சீக்கிரமே நிறைந்துவிட்டதே என்று தோன்றியது. தோன்றியதை ஆராயும் வயது தாண்டிவிட்டது. மேட்டுக்கு நடந்தார். வால்வைத் திறந்தார். குழாயில் தண்ணீர் வந்தது, இருமியது, நின்றது.

"அண்ணே! பாதிக் குடம்கூட வரலண்ணே!"

"என்னண்ணே, இன்னைக்குச் சாம்பிள் பார்க்க விட்டீங்களா?"

குடங்களும் வாளிகளும் தொட்டியடிக்கு ஊர்வலமாக வந்தன. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு கடையிலிருந்து இறங்கி வந்தார்.

"யாரைக் கேட்டுப்பா நிறுத்துன?"

"நீதானே ரிங் குடுத்த?"

"நானா? நான் இன்னும் மிஷினுக்கு எண்ணெய்கூடப் போடல. தொட்டியில பாதிதான் இருக்கும்."

மோட்டாரின் கை சட்டைப் பைக்குப் போனது. அவருக்கு ரிங் கொடுப்பவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் எதிரே நிற்கிறார். இன்னொருவர் சாயங்காலம்தான் கொடுப்பார். எங்கள் ஊர் ரிங் மொழியில் நேரம் தவறி வரும் ரிங்குக்கு ஒரே அர்த்தம்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இரண்டாம் எண்ணை அழுத்தினார். "லோ... ங்... க்..." என்று உதிர்ந்து அறுந்தது.

"போய் மோட்டாரைப் போடுண்ணே, வெயில் ஏறுது" என்றாள் வாளி வைத்திருந்த ஒருத்தி.

பள்ளத்தைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். மோட்டாரை யார் பார்க்கிறது என்ற கேள்வி மறுபடியும் அவர் முன்னால் வந்து நின்றது. இந்த முறை ரசம் கேட்க வழியில்லை.

ஏணியில் கால் வைத்தார்.

"ஏய், எங்கப்பா ஏறுற?"

"பேசிட்டு வரேன்."

"தண்ணி?"

"பேசிட்டு வரேன்னேன்ல."

இருபது வருஷத்தில் மோட்டார் யாரையும் அதட்டியதில்லை. ஊர் அண்ணாந்து பார்த்தது.

"முட்டி வலிங்கிற மனுஷன் பல்லி மாதிரி ஏறுறதைப் பாரு."

"பல்லியா? நடுவுல உக்காந்துட்டாருடி."

நடுவில் உட்காரத்தான் செய்தார். மூச்சு வாங்கியது. கீழே பார்க்கக் கூடாது என்று பார்த்துவிட்டார். பிறகு முட்டியைக் கையால் தூக்கி அடுத்த கம்பியில் வைத்து, அப்படியே ஒரு மூட்டையை ஏற்றுவதுபோலத் தன்னைத் தானே மேலே ஏற்றிச் சேர்த்தார். தொட்டியின் மூடியில் உட்கார்ந்து இரண்டாம் எண்ணை அழுத்தினார். பல வருஷமாக மோட்டாருக்கு மேலே கத்திக் கத்தி அவருடைய சாதாரணக் குரலே தெருமுனைவரை கேட்கும். அதனால் கீழே நின்றவர்களுக்கு எதையும் யூகிக்க வேண்டிய சிரமம் இருக்கவில்லை. அந்தம்மா சொன்னதை மட்டும் பின்னால் அவரே தையல்காரரிடம் சொன்னார்.

"நான்தான்."

"தெரியுது. என்ன, மோட்டார் சத்தத்தைக் காணோம்?"

"நிறுத்திட்டேன். உனக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்க?"

"எனக்கு என்ன? போனுக்குத்தான் சாவு வந்துருச்சு. கீழ் வீட்டு வாட்ச்மேன்கிட்ட சின்ன பின் சார்ஜர் இருந்துச்சு, அதுல போட்டுக்கிட்டு இருந்தேன். அவரும் புதுப் போன் வாங்கிட்டாரு. பழசைச் சார்ஜரோட தூக்கிப் போட்டுட்டாரு. கடையில கேட்டா சிரிக்கிறான். இது சாயங்காலம் வரைக்கும் தாங்காது. அதான் இன்னைக்கு ரிங்கைக் காலையிலேயே குடுத்துட்டேன்."

மோட்டார் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணில் தூசி என்று பிறகு விளக்கம் கொடுத்தார்.

"மக வாங்கிக் குடுத்த போன் இருக்குல்ல? அதுல குடுக்க வேண்டியதுதானே?"

"அதுல குடுத்தா, நீங்க திருப்பிக் குடுக்கிற ரிங் இந்தச் செத்த போனுக்குத்தானே வரும்?"

கீழே குடங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"அதுல மக மூஞ்சி நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார்.

"அவதான் எதிர்லயே இருக்காளே. வேலைக்குப் போயிட்டு வந்து, தின்னுட்டுத் தூங்குறா. நேர்லயும் அரை மூஞ்சிதான் கிடைக்குது. மத்த நேரம் நானும் சுவரும்தான். யாரை அதுல பார்க்கிறது? பார்க்கணும்னா ஒரு மூஞ்சிதான் பாக்கி. அதுகிட்ட இருக்கிறது குருட்டுப் போன்."

"குருடுன்னு உன்கிட்ட நான் சொல்லவே இல்லையே?"

"தையல்காரர் பொண்டாட்டி இங்க வந்திருந்தப்ப சொன்னா."

தையல்காரர் கீழே அளவு நாடாவை மடிக்க ஆரம்பித்தார்.

"சரி, அந்தச் சார்ஜரை பஸ்ல குடுத்து விடுங்க."

"அது அங்க வேலை செய்யாது."

"ஏன்?"

"அதுக்குன்னு ஒரு வாட்டம் இருக்கு. சன்னல் வேணும், அந்தச் செங்கல் வேணும். உனக்குத் தெரியாதா?"

"அப்போ?"

அவர் மலையைப் பார்த்தார். டவர் நிஜமாகவே தெரிந்தது, குச்சி நட்டு வைத்ததுபோல. இவ்வளவு தூரம் ஏறிவந்தும் அடுத்த வார்த்தை முட்டியிலேயே மாட்டிக்கொண்டது.

"நீ வந்து போட்டுக்க" என்றார். "மத்ததை அப்புறம் பேசிக்கலாம். மோட்டாருக்கு வேற ஆள் பழக்கணும்னா பழக்கலாம்."

"வரச் சொல்லுண்ணே!" என்று கீழேயிருந்து ஒரு குரல். "அப்படியே தண்ணியையும் வரச் சொல்லு!"

அவர் கை காட்டி அடக்கிவிட்டு, போனைக் காதில் வைத்துப் பார்த்தார். மறுமுனையில் ஒன்றுமில்லை. செத்தது அந்தப் போனா, இல்லை அந்தம்மா வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை. தெரிவிக்க வேண்டிய திரை கறுப்பாக இருந்தது. அதில் அவருடைய முகம்தான் தெரிந்தது, அதுவும் பாதி.

போனைப் பையில் போட்டுக்கொண்டு ஏணிக்குத் திரும்பினார். அப்போது நெஞ்சு ஒரு தடவை நடுங்கியது.

உடனே எட்டிக் கீழே பார்த்தார். தையல்காரர் அண்ணாந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நாடாவைத் தவிர ஒன்றும் இல்லை.

"நான் இல்லப்பா!" என்று கத்தினார்.

மோட்டார் இறங்கினார். ஏறியதைவிட இறங்க அதிக நேரம் பிடித்தது. நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். தரையைத் தொட்டதும் வாளிக்காரி வழிமறித்தாள்.

"என்னண்ணே சொன்னாங்க அக்கா?"

"ஒண்ணும் சொல்லல. ரிங் குடுத்தா."

முட்டியைப் பிடித்துக்கொண்டு, மோட்டாரைப் போடப் பள்ளத்தில் இறங்கினார்.