மாதாவுக்குப் பின்னால் இருந்த ஏர்பேக்

எங்கள் சாந்தன்பாறை ஏலத்தோட்டப் பாதையின் குலுக்கலில், காரின் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த மாதா சொரூபம் அடிக்கடி விழுந்தது. என் கணவர் துளை போட்டு, ஸ்க்ரூ வைத்து முடுக்கிவிட்டார். மாசமாக இருக்கும் மகளை அதற்கு நேர் எதிரே, முன்சீட்டில் உட்காரவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம்.

ஹாரன் பழுது பார்க்க வந்த மெக்கானிக் பதறிவிட்டார்.

"அண்ணாச்சி, இதுக்குள்ளதான ஏர்பேக் இருக்கு! துளை போடுறப்பவே வெடிச்சிருக்கலாம். வண்டி எங்கயாவது மோதியிருந்தா பை வெடிச்சு விரிஞ்சு, சொரூபம் மக மேலதான் பாஞ்சிருக்கும்."

பேட்டரி வயரைக் கழற்றி, மிச்ச மின்சாரம் வடியட்டும் என்று வெகுநேரம் காத்திருந்த பிறகே அவர் சொரூபத்தின் ஸ்க்ரூவில் கைவைத்தார்.

ஏர்பேக்கை மாற்றும்வரை முன்சீட்டு காலிதான். மாதா வீட்டில் இருக்கிறாள். பின்சீட்டில் மகள் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்ட பிறகே, என் கணவர் சிலுவை போட்டு வண்டியை எடுக்கிறார்.