உறவு: நண்பர்

ஏரியூரை விட்டு நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பென்னாகரம் போகிற பஸ் ஒன்று என்னைத் தாண்டிப் போய் நின்றது. கண்டக்டர் படியில் நின்று விசிலடித்துக் கூப்பிட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். டிக்கெட்டுக்குக் காசு இருந்தது. ஓர் இடத்தில் உட்கார முடியும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முந்தின நாள் அங்கே, அவன் சொந்த ஊரில், அவனை அடக்கம் செய்தோம். ‘செய்தோம்’ என்று நான் சொல்வது சரியில்லை. அவர்கள் செய்தார்கள், நான் கூட்டத்தில் நின்றேன். அம்மா, அண்ணன், சித்தப்பா பிள்ளைகள் என்று வரிசையாக மண் போட்டார்கள். எல்லோரும் கை கழுவப் போன பிறகு நானும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.

மறுநாள் மதியம் அவன் அண்ணன் என்னை வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பேசுவதற்கு முன் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நாளைக்கு மூணாம் நாள் ஜெபம். சொந்தக்காரங்க எல்லாம் வராங்க. வூட்டுக்கு வர்றவங்க ஒவ்வொருத்தரும் கேக்கறாங்க, இவரு யாரு, என்ன முறைன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“ஃப்ரெண்டுன்னு சொல்லுங்கண்ணா.”

“ஃப்ரெண்டுங்க எல்லாம் நேத்தே போயிட்டாங்களே.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவன் டூவீலர் மெக்கானிக். நல்லம்பள்ளியில் ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டகையில் கடை வைத்திருந்தான். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, ஓசூரில் ஓட்டல், போர்வெல் வண்டியோடு ஆந்திரா என்று சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் யாரோ கொடுத்த பழைய வண்டி அவன் கடை வாசலில் நின்றுபோனது. அதைச் சரிபண்ண அவனுக்கு மூன்று நாள் ஆனது. நான் ஆறு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஊருக்கு நாங்கள் ஒரே அறையில் தங்கியிருக்கிற இரண்டு ஆம்பளைகள். எங்களுக்குள் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

மெக்கானிக் வேலை எனக்கு வரவில்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு பத்திர எழுத்தர் எனக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் பதிவு செய்ய வருகிறவர்களுக்குச் சாட்சி கிடைக்காது. கூட வந்த நண்பன் கடைசி நேரத்தில் பயந்து ஓடியிருப்பான். வேறு வேறு மதத்துக்காரர்கள் என்றால் நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் காத்திருக்க வேண்டும், சாட்சியும் மூன்று பேர் வேண்டும். அப்போது பத்திர எழுத்தர் டீக்கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்.

“ஏப்பா, பொண்ணுக்கு மாமன் வேணுமாம், வா.”

ஆதார் ஜெராக்ஸ் நாலைந்து எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். போய்க் கையெழுத்துப் போடுவேன். ஏதாவது கொடுப்பார்கள். நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து முடிந்ததும் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் சிரித்த ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். அதில் எவரையும் எனக்கு முன்பின் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் டெல்லியில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. டீக்கடை டிவியில் காட்டினார்கள்.

“ஆம்பளையும் ஆம்பளையும் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேஸாமே” என்றார் டீ மாஸ்டர்.

“பண்ணிக்கட்டும்யா. பாரத்துல மாப்ள கட்டத்துல யாரு, பொண்ணு கட்டத்துல யாருன்னு மட்டும் எனக்குச் சொல்லிட்டுப் பண்ணிக்கட்டும்” என்றார் பத்திர எழுத்தர்.

“கட்டத்த வுடுங்க. தாலிய யாரு யாருக்குக் கட்டறது?”

“ரெண்டு தாலியா வாங்க வேண்டியதுதான். நகைக்கடைக்காரன் பொழைச்சுட்டுப் போறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

தீர்ப்பு வந்தபோது, இது கோர்ட் செய்கிற காரியம் இல்லை, பார்லிமென்ட் செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டார்கள். போய் அவனிடம் சொன்னேன். ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். “நமக்கென்னடா? நாம கேட்டமா?” என்று கேட்டுவிட்டுப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு என்றான். எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் அவனுக்குக் கால் வீங்கியது. முகம் உப்பியது. தர்மபுரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அண்ணனுக்குச் சர்க்கரை. இருவரிடமிருந்தும் எடுக்க முடியாது என்று சொன்னார்கள். செத்தவர்களிடமிருந்து எடுத்து வைக்கிற பட்டியலில் பெயர் பதிந்தோம். அது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. எனக்கும் அவனுக்கும் ஒரே ரத்த வகை. எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்த டாக்டர், நான் கொடுக்கலாம் என்றார். பிறகு பாரத்தைப் பார்த்து, “நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

அப்பா அம்மா, அண்ணன் தம்பி, பிள்ளைகள், புருஷன் பெண்டாட்டி என்றால் ஒரு வழி. வேறு யாராக இருந்தாலும் சென்னையில் ஒரு கமிட்டி முன்னால் போய் நிற்க வேண்டும். காசுக்காகக் கொடுக்கவில்லை, அன்பினால்தான் கொடுக்கிறேன் என்று அவர்களை நம்பவைக்க வேண்டும். ஏழைகள் கிட்னி விற்கிற ஊர்கள் நம் பக்கம் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பழக்கத்தைக் காட்டுகிற ஆதாரங்கள் கேட்டார்கள். சேர்ந்து எடுத்த போட்டோ, ஒரே முகவரியில் அட்டை, தெரிந்தவர்கள் கடிதம். ஆறு வருடமாக ஒரு போட்டோவில் நாங்கள் இருவரும் சேர்ந்து விழக் கூடாது என்று கவனமாக இருந்தவர்கள் நாங்கள். தேடித் தேடி ஒன்று கிடைத்தது. கடைக்குப் புது போர்டு மாட்டிய நாளில் எடுத்தது. அதில் ஒன்பது பேர் இருந்தோம். அவன் ஒரு ஓரம், நான் இன்னொரு ஓரம்.

அவன் விசுவாசி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போவான். நான் எங்கேயும் போகாதவன். பாஸ்டர் டயாலிசிஸ் நடக்கும்போதே வந்து பக்கத்தில் நிற்பார். அவரிடம் மட்டும் அவன் எப்போதோ எங்களைப் பற்றிச் சொல்லியிருந்தான். கமிட்டிக்கு ஒரு கடிதம் கேட்டுப் போனோம். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார், இவர்களை எனக்கு மூன்று வருடமாகத் தெரியும் என்று.

“காசுக்காக இல்லைன்னு எழுதுங்கய்யா” என்றேன்.

“காசுக்காக இல்லைன்னு எனக்குத் தெரியும் தம்பி. எதுக்காகன்னும் தெரியும். காசுக்காக இல்லைன்னு எழுதினா, பின்ன எதுக்காகன்னு கேப்பாங்க. அத என் கையால எழுத முடியாது.”

அவன், “ஜெபமாவது பண்ணுங்கய்யா, ரெண்டு பேருக்கும்” என்றான்.

பாஸ்டர் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். “உனக்காகப் பண்றேன். அவருக்காகவும் பண்றேன். சேத்துப் பண்ண எனக்கு வாய் வரலப்பா.”

அப்படியே செய்தார். அவன் தலையில் கை வைத்து ஜெபித்து ஆமென் என்றார். பிறகு என் பக்கம் வந்து என் தலையில் கை வைத்து வேறு ஒரு ஜெபம், வேறு ஒரு ஆமென். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அவன் அதை வைத்தே திருப்திப்பட்டுக்கொண்டான். எனக்குத்தான் அன்றைக்கெல்லாம் ஆறவில்லை.

என்னைப் பற்றி விசாரிக்க ஆள் வந்தது நான் இல்லாத நேரத்தில். டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். பத்திர எழுத்தர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து அள்ளி விட்டிருக்கிறார். சாயங்காலம் என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

“சூப்பரா சொல்லிட்டன் போ. ரொம்ப நம்பிக்கையான ஆளுங்க, எப்ப கூப்ட்டாலும் வந்து கையெழுத்துப் போடுவாரு, கையில எதாவது குடுத்தாப் போதும், எதுக்கு, யாருக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாருன்னு.”

அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

கமிட்டி அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மேசைமேல் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவன், அவன் அம்மா, நான் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். பஸ்ஸில் வரும்போதே அவன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். “அம்மா முன்னாடி மட்டும் சொல்லிடாதடா. அது தாங்காது. கிட்னி கெடச்சும் அம்மா பேசலன்னா நான் என்னத்துக்கு இருக்கணும்?” அதனால் நண்பர் என்று சொல்வதாக முடிவு.

நடுவில் இருந்த டாக்டரம்மா தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

“முன்பின் தெரியாதவங்களுக்குக் காசு வாங்கிட்டுச் சாட்சி போடுவீங்களா?”

“ஆமாங்க.”

“இதுக்கு எவ்வளவு பேசியிருக்கீங்க?”

“இதுக்கு ஒண்ணும் இல்லைங்க.”

“அப்ப ஏன் குடுக்கறீங்க?”

“ஃப்ரெண்டுங்க.”

“எனக்கும் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. யாருக்கும் கிட்னி குடுக்கறேன்னு நான் கெளம்பலையே.” பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவனிடம் திரும்பினார். “உங்களுக்குக் கல்யாணம் ஆகலையா?”

“இல்லைங்க மேடம்.”

“ஆகியிருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும். மனைவின்னா நாங்க இப்படி ஏன்னு கேக்கறதே இல்ல.”

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பிறகு இருவருமே அவன் அம்மாவைப் பார்த்தோம். அந்த அம்மா மடியில் இருந்த மாத்திரைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். சட்டத்தில் எங்களுக்குக் கட்டம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஏன் என்று கேட்டதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். அவர்கள் கேட்டதே அது ஒன்றைத்தான்.

“வேற ஏதாவது சொல்லணுமா?” என்றார் டாக்டரம்மா.

“இல்லைங்க” என்றேன்.

நெருங்கிய பழக்கம் நிரூபிக்கப்படவில்லை, பணப் பரிமாற்றம் இருக்கலாம் என்று சந்தேகம் என எழுதி அனுப்பிவிட்டார்கள். மறுபடி மனுப் போடலாம் என்றார்கள். போடுவதாகத்தான் இருந்தோம். அதற்குள் மழைக்காலம் வந்து அவனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் ஒரு காலையில் அவன் உயிர் போனது. நான் இட்லி வாங்கப் போயிருந்தேன். உடலை வாங்க அண்ணன் கையெழுத்துப் போட்டார். அங்கே இருந்த ஊழியர் தாளை என் பக்கம் தள்ளி, “சாட்சிக்கு நீங்க ஒண்ணு போடுங்க” என்றார். சட்டைப் பையில் ஆதார் ஜெராக்ஸ் இருந்தது. போட்டேன். சாட்சிக் கையெழுத்து நான் போட்டது அதோடு சரி.

அண்ணன் பேசிய அன்று மதியம் பையோடு நான் தெருவுக்கு வந்தபோது அவன் அம்மா பின்னாலேயே வந்தார். ஊர் முடிகிற இடத்தில் பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார். அங்கே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னிக்கு அந்த டாக்டரம்மா கேட்டப்ப ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்தீங்க.”

பையைக் கீழே வைத்தேன்.

“பெத்தவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாடா? சொல்லிருந்தா நான் செத்தா போயிருப்பேன்?” என்றார். “நான் உசுரோடதான இருக்கறேன். அவன்தான போயிட்டான்.”

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. நீங்கள் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை. அந்தக் கேள்வியை அவரே தனக்குள் கேட்டுக்கொண்டிருப்பார். கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே சோறு இருந்தது. பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தேன். வழியில் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து சாப்பிடப் பார்த்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மீதியை ஒரு நாய் சாப்பிட்டது. வாளியைத் திருப்பித் தர வழியில்லை. பையில் வைத்துக்கொண்டேன்.

பொழுது சாயும்போது பென்னாகரம் வந்து, அங்கிருந்து தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். நல்லம்பள்ளிக்குப் போக மனசில்லை. கடையை அண்ணன் பூட்டிவிட்டார், சாவி அவரிடம். டீக்கடைக்குப் போனால் பத்திர எழுத்தர் மறுபடியும் குரல் கொடுப்பார். பாப்பிரெட்டிப்பட்டி என்று போட்டிருந்த பஸ் நின்றிருந்தது. அதில் ஏறிவிட்டேன். இரவு அந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்தேன்.

காலையில் ஒரு லாரி பக்கத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றி சேலத்து ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புகிற வேலை. ஆள் குறைவாக இருந்தது. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மூட்டை தூக்கிப் பழக்கமா?”

“பழக்கந்தாங்க.”

“உடம்புல ஆபரேஷன் எதாவது பண்ணிருக்கியா? போன மாசம் ஒருத்தன் கிட்னிய வித்துட்டு, சொல்லாம வந்து சேந்தான். பத்தாவது மூட்டையில சுருண்டு வுழுந்துட்டான். எனக்கு அந்த ரோதனை வேணாம். சட்டையத் தூக்கு, பாக்கறேன்.”

சட்டையைத் தூக்கினேன். இந்தப் பக்கம் பார்த்தார். திரும்பச் சொல்லி அந்தப் பக்கமும் பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல. சரி, வா” என்றார்.

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, தலைக்குத் துண்டைச் சுற்றி, முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.