வரிசை தாண்டி வந்த சவாரி

பிள்ளைகளே, நீங்கள் சிறியவர்களாக இருந்தபோது, சவாரி இல்லாமல் நம் வேனையே விற்கும் நிலை வந்தது. தாம்பரம் வேன் ஸ்டாண்டில் வரிசைப்படிதான் சவாரி; என் முறை எப்போதோதான் வரும். பிரவுசிங் சென்டருக்குப் போய், இணைய டைரக்டரி ஒன்றில் வண்டி விவரத்தையும் செல் நம்பரையும் பதிந்தேன்.

"அத்த பாத்து எவன் கூப்புடப் போறான் மச்சான்?" என்று ஸ்டாண்டில் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் அமெரிக்காவிலிருந்து ஒருவர் பேசினார். கீழ்க்கட்டளையில் இருக்கும் தன் அம்மாவைக் குன்றத்தூர் கோயிலுக்கு அழைத்துப் போகக் கேட்டார்.

பழக்கதோஷத்தில், "முதல்ல நிக்கிற வண்டிய அனுப்புறேன் சார்" என்றேன்.

"வேணாண்ணா. கம்ப்யூட்டர்ல உங்க வண்டியத்தான் பார்த்தேன். நீங்களே வாங்க."

எங்கோ கடல் தாண்டி இருப்பவர், முகமறியாத என்னை நம்பித் தாயை அனுப்புகிறார். ஏழாவதாக நின்ற வேனை வெளியே எடுத்தேன்.

அந்த அம்மா இறங்கும்போது மாதாமாதம் கிருத்திகைக்கு வரச் சொன்னார். வேனை விலை கேட்டிருந்தவரிடம், இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை என்றேன்.