அடெல் சுட்ட மூன்று தோட்டாக்கள்

அடெல் கோசுரெக் யாரைப் பார்த்தாலும் எடை போட்டுத்தான் பார்ப்பாள். டெக்சாஸில் எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் எடைமேடை அவள் பொறுப்பு. கன்று மேடையில் ஏறுவதற்கு முன்பே அதன் எடையைச் சொல்லிவிடுவாள். என் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை மாதா கோயிலுக்குள் நுழைந்ததும் என் காதருகே குனிந்து, "இருநூத்திப் பத்துப் பவுண்டு, லோரீன். பூட்ஸைக் கழட்டினா இருநூத்தி அஞ்சு" என்றாள். பூசை முடியும்வரை என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த வருடம் கோடையில் எங்கள் சாலையில் வரிசையாகச் சில வீடுகளில் திருட்டு. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருக்கும் நேரம் பார்த்துக் கதவை உடைத்திருந்தார்கள். அடெலின் கணவன் எர்வின் லாரி ஓட்டியவன். முழங்கால் அறுவை முடிந்து ஊன்றுகோலோடு வீட்டில் கிடந்தான். அவனுடைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஆனால் அந்த நீளக் குழாயை வைத்துக்கொண்டு நடைவழியில் திரும்ப முடியாது, கதவு நிலையில் இடிக்கும்.

அடெல் டவுனுக்குப் போய் ஒரு ரிவால்வர் வாங்கி வந்தாள். கைத்துப்பாக்கிதான், ஆனால் வேட்டைத் துப்பாக்கியில் போடுகிற மெல்லிய ரவைத் தோட்டா அதற்குள் போகும். ஐந்து போடலாம்.

"கடைக்காரப் பய என்ன சொன்னான் தெரியுமா?" என்று என்னிடம் அதை நீட்டிக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. "குறியே பாக்க வேணாமாம். ஆள் இருக்குற பக்கம் நீட்டி அமுக்கினாப் போதுமாம், மத்தத அது பாத்துக்குமாம்!"

முதல் தோட்டா பாம்புக்கு. அதற்குள் கடுகு போல் பொடி ரவை. மற்ற நான்கிலும் மான் சுடுகிற பெரிய ரவை, ஒவ்வொன்றிலும் கொண்டைக்கடலை அளவில் நாலு குண்டு.

"முதல்ல பாம்பு, அப்புறம் திருடனா?" என்றான் எர்வின். "அப்ப வர்றவங்கள வரிசையில நிக்கச் சொல்லி வாசல்ல போர்டு மாட்டு."

"நீ ஒருத்தன் இந்த வீட்ல இருக்கிறதுக்கே எனக்குத் துப்பாக்கி வேணும்" என்றாள் அடெல். ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்காமல் அதைக் கட்டிலோரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து அவள் முன்னால் போய்விட்டாள். அவளிடம் இரவல் வாங்கிய பெரிய தட்டைத் திருப்பிக் கொடுக்க நான் பின்னாலேயே என் பிக்கப்பில் போனேன். அவர்கள் வீட்டு முற்றத்தில் வண்டியைத் திருப்பும்போதே பின்பக்கம் நாய்கள் குரைப்பது கேட்டது. உள்ளே எர்வின் அலறுகிறான். ஏதோ நொறுங்குகிறது. திருடன்தான் என்று நினைத்தேன்.

திருடன் இல்லை. பக்கத்துக் காட்டில் எங்கள் ஊர்க்காரன் டெல்பர்ட் நாய்களை விட்டுப் பன்றி வேட்டையாடிக்கொண்டிருந்தான். அவை துரத்திய ஆண் பன்றி ஒன்று, வேறு வழி தெரியாமல் அடெலின் பின்கதவுக் கொசுவலையைக் கிழித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் வந்துவிட்டது. உள்ளே நடந்ததைப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் கத்திக் கத்தி எனக்குச் சொன்னார்கள்.

அடெல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தபோது மேசை கவிழ்ந்து கிடந்தது. கொலாச்சே இனிப்பு ரொட்டியெல்லாம் தரையில். அதன் நடுவே கறுப்பாக, வாயோரம் நுரையோடு, இரண்டு கோரைப்பல்லும் வெளியே நீட்டிக்கொண்டு அது நின்றது.

"எர்வின்! எங்க இருக்கே?"

"ஃப்ரீஸர் மேல!"

"அது மேல எப்படி ஏறின? உனக்குத்தான் கால் மடங்காதே!"

"இப்ப மடங்குது! சுடு, அடெல், சுடு!"

அவள் சுட்டாள். பாம்புக்கு வைத்த பொடி ரவை. பன்றியின் தோளிலிருந்த தடித்த தோலில் அது உப்பைத் தூவியது போலத்தான் ஆயிற்று. வீல் என்று கத்திக்கொண்டு அது அவளை நோக்கித் திரும்பியது.

அந்த நேரத்திலும் தனக்கு மூளை ஓடியது என்று அடெல் சொல்வாள். இறைச்சி வைக்கும் ஃப்ரீஸர் பெட்டி வலப்பக்கம். அந்தப் பக்கம் சுட்டால் எர்வின். அதனால் வலப்பக்கச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, பன்றிக்குப் பின்னால் வாசல் பக்கத்துச் சுவர் மட்டும் வருகிற மாதிரி நின்றாள். பன்றி பாய்ந்தது. இரண்டாவது தோட்டா. அது முன்னங்கால் மடங்கிச் சறுக்கிக்கொண்டே வந்து அவள் காலடியில் முட்டியது. அவள் ஒரு எட்டு பின்வாங்கி, தரையைப் பார்த்து மூன்றாவதையும் சுட்டாள். அதோடு அடங்கிவிட்டது.

"நூத்தி எண்பது பவுண்டு" என்றாளாம் காது அடைத்துப்போன அடெல். அவளுக்கே தெரியாமல் வாயில் வந்தது அது.

வெளியே நான் தரையில் குப்புறக் கிடந்தேன். இரண்டாவது வெடி கேட்ட அதே நொடியில் என் பிக்கப்பின் இடப்பக்க விளக்கு சில்லுச் சில்லாகத் தெறித்தது. நான் அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கி, அந்த விளக்கிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில், தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"அடெல்! சுடாதே! நான்தான், லோரீன்!"

வாசல் கதவு திறந்தது. தலையெல்லாம் மாவு அப்பிக்கொண்டு அவள் நின்றாள். "செத்துடுச்சு, லோரீன்! கொன்னுட்டேன்!" என்று குதித்தவள், நான் விழுந்து கிடப்பதைப் பார்த்தாள். பிறகு விளக்கைப் பார்த்தாள்.

இதற்குள் டெல்பர்ட் நாய்களோடு மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஐயோ, என் பன்றி! எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றான். "முதல்ல என்னை இறக்கி விடுடா, அப்புறம் உன் பன்றியப் பாரு!" என்று உள்ளேயிருந்து எர்வின் கத்தினான். இரண்டு பேர் தாங்கித்தான் அவனை ஃப்ரீஸரிலிருந்து இறக்க முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் கூடிவிட்டார்கள். ஒரே சத்தம், சிரிப்பு. யாரோ கத்தி கொண்டு வந்தார்கள், யாரோ வெந்நீர் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் தொத்திறைச்சி அரைக்க ஆரம்பித்துவிட்டோம்.

அடெல் மட்டும் சமையலறைச் சுவரருகே நின்றாள். இரண்டாவது தோட்டாவின் நாலு குண்டில் இரண்டுதான் பன்றி மேல் பட்டிருந்தது. ஒன்று மாவு டப்பாவைப் பிளந்திருந்தது. இன்னொன்று அட்டைச் சுவர், பலகை, வெளித் தகரம் மூன்றையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது. அவள் அந்த ஓட்டையில் விரலை விட்டாள். எடுத்துவிட்டுக் கண்ணை வைத்தாள்.

"இதுல உன் வண்டி முழுசாத் தெரியுது" என்றாள். "எர்வின் எங்கன்னு கேட்டேன். வெளிய யாருன்னு எனக்குத் தோணவே இல்ல, லோரீன்."

"நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் சொல்றேன்."

என் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் அவள் டவுனுக்கு வண்டியை விட்டாள், நானும் கூடப் போனேன். துப்பாக்கிக் கடையில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். "தம்பி, குறி பாக்க வேணாம்னு எனக்குச் சொன்னியே," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி, "இவ நின்ன இடத்துக்குக் கை நீட்டுற தூரத்துல என் குண்டு வண்டி விளக்க உடைச்சுது. இனிமே யாருக்காவது நீ அப்படிச் சொன்னேன்னு கேள்விப்பட்டேன், பன்றித் தலையக் கொண்டு வந்து இந்த மேசை மேல வைப்பேன்." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றான்.

துப்பாக்கியை அவள் விற்கவில்லை. பண்ணைக்குப் பின்னால் மண்மேட்டில் அட்டையும் காகிதத் தட்டும் நட்டு, சந்தை இல்லாத நாட்களில் சுட்டுப் பழகினாள். சமையலறை நீளத்துக்கு நின்று சுட்டால் குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிட அகலமாகச் சிதறின. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றால் ஒன்றிரண்டு எங்கேயோ போயின. குண்டு வீட்டைத் தாண்டிப் போகாத இடம் எது என்று அறை அறையாக நடந்து பார்த்து, கடைசியில் கல்லால் கட்டிய கணப்படுப்புச் சுவருக்கு எதிர்மூலையைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டாள்.

டிசம்பரில் ஒரு நாள் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அறுபது வயதை நெருங்கிய பெண்பிள்ளை, ஒரு காகிதத் தட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மேய்ச்சல் நிலத்தில் ஓடி வருகிறாள். மாடுகளெல்லாம் மிரண்டு விலகுகின்றன.

"லோரீன்! நாலும்! நாலு குண்டும் உள்ளே!"

நானும் துணியைப் போட்டுவிட்டு வேலியை நோக்கி ஓடினேன்.